‘முடிஞ்சா வந்து எடுத்துக்கோ!’

அமெரிக்காவில் துப்பாக்கிப் பிரியர்களின் கார் கண்ணாடியில், தொப்பியில், பனியனில் இரண்டு கிரேக்கச் சொற்களைப் பார்க்கலாம்: ‘மோலோன் லாபே’. கி.மு. 480-ல் தெர்மோபிலே கணவாயில், ஆயுதத்தை ஒப்படைக்கச் சொன்ன பாரசீக மன்னன் செர்க்சஸுக்கு ஸ்பார்ட்டாவின் லியோனிடாஸ் அனுப்பிய பதில் என்பார்கள். வந்து எடுத்துக்கோ!

‘300’ படம் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். ஆனால் அந்தப் போரைப் பற்றி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குள் எழுதிய ஹெரோடோட்டஸ், இந்தப் பதிலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த புளூட்டார்க்தான் எழுதி வைத்தார். அது கிடக்கட்டும். பாரசீகர்கள் வந்தார்கள், எடுத்தும் கொண்டார்கள், லியோனிடாஸின் தலை உட்பட. தோற்றவர் வசனத்தைச் சட்டையில் அச்சடித்துக்கொள்ள ஒரு தனி தைரியம் வேண்டும்.

நம் கொங்கு மண்ணின் வசனம் இதற்கு நேர் எதிர். மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்துப் பிடுங்கிய தீர்த்தகிரி (பிறகு தீரன் சின்னமலை ஆனவர்), சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை எடுத்துக்கொண்டதாகப் போய்ச் சொல் என்றாராம். வா என்று அழைக்கவில்லை. எடுத்துவிட்டுத் தகவல் அனுப்பினார். 1801 டிசம்பரில் சென்னை கவர்னர், பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் பிரகடனம் போட்ட பிறகும், ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் சண்டை போட்டவர் தீரன் சின்னமலை. முடிவு 1805-ல் சங்ககிரியில் தூக்குக்கயிறு. 1878-ல் ஆயுதச் சட்டம் வந்து, துப்பாக்கி என்றாலே லைசென்ஸ் என்றானது. குடகர்களுக்கு மட்டும் இன்றும் விலக்கு உண்டு.

கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தன் ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் காட்டினார். பழைய வேட்டியில் சுற்றி பீரோவுக்குள் இருந்தது. லைசென்ஸ் புத்தகத்தில் புதுப்பித்த முத்திரைகளே பக்கம் பக்கமாக. “எலக்சன் தேதி சொன்னாப் போதுமுங்க, ஸ்டேசன்லிருந்து போன் வந்துரும். நானே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிக்குவேன்” என்றார். வந்து எடுக்கும் சிரமத்தைக்கூட அரசாங்கத்துக்கு அவர் வைக்கவில்லை! கடைசியாக எப்போது சுட்டீர்கள் என்றேன். “காட்டுப்பன்னியத் தொரத்த மேல பாத்து ஒருக்கா வெடிச்சனுங்க. சம்சாரந்தான் பயந்துட்டா.”

இவர் ஏன் இன்னும் அதை வைத்திருக்கிறார் என்பதுதான் என் கவலை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் மூன்று உயிர்கள், 2025-ல் சிவகிரி அருகே ஒரு வயதான தம்பதி. தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், நடந்த இந்தக் கொலைகளுக்குப் பிறகு, ‘ஆளுக்கொரு துப்பாக்கி கொடுங்க’ என்ற பேச்சு டீக்கடை தோறும் ஓடியது. கையில் இருந்தால் ஒரு தெம்பு என்கிறார்கள் வைத்திருப்பவர்கள், இருக்கலாம். ஆனால் எழுபது வயதில், நடுராத்திரியில், கண்ணாடியைத் தேடி, பீரோ சாவியைத் தேடி, தோட்டாவைப் போடுவதற்குள் என்ன மிஞ்சும்? துப்பாக்கி இருப்பது ஊருக்குத் தெரிந்தால், திருட வருபவன் முதலில் தேடுவதே அதைத்தான்.

முன்பெல்லாம் சாளையைச் சுற்றி ஆள் நடமாட்டம் இருந்தது. பண்ணையாள் குடும்பம் பக்கத்திலேயே இருக்கும். ராத்திரி த்ரீ பேஸ் கரண்டு வந்தால் டார்ச்சோடு யாராவது வரப்பில் போவார்கள். இருமினால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். இப்போது சொட்டுநீர் வந்துவிட்டது. மோட்டாரைச் செல்போனிலேயே போட்டு நிறுத்துகிறார்கள். பிள்ளைகள் கோவையில், பெங்களூரில், அதற்கும் அப்பால். பத்து ஏக்கருக்கு இரண்டு கிழங்கள் காவல். வயதானவர்கள் தனியாக இருக்கும் சாளைகளைக் கணக்கெடுத்து, ராத்திரி ரோந்து தவறாமல் வந்து போனாலே பாதி பயம் தீரும்.

பெரியவரின் மகன் நாலு கேமரா மாட்டிக் கொடுத்திருக்கிறார். பல்லி குறுக்கே ஓடினாலும் பெங்களூரிலிருந்து போன் வந்துவிடுகிறதாம். நிஜமாகவே யாராவது வந்தால் மகன் யாரைக் கூப்பிடுவார் என்று கேட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரை என்றார். அவருக்கு வயது எழுபத்தாறு.