ஆயில் எஞ்சினை அளவோடு குளிர்வியுங்கள்

செவ்வாப்பேட்டை, திருவள்ளூர் வட்டாரங்களில் மின் இணைப்பு இல்லாத கிணறுகளில் நீர் இறைக்க ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சினே துணை. எஞ்சினிலிருந்து வெளிவரும் நீர் சில்லென்று இருந்தால் எஞ்சின் நன்றாக ஓடுவதாகச் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. குளிர்ந்து ஓடும் எஞ்சின் டீசலை வீணாக்கும். விரைவில் தேய்ந்தும் போகும்.

எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பம்பைச் சுழற்றுகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கைப் பெரும்பாலும் குளிர்விக்கும் நீர் கொண்டு செல்கிறது. இந்த நீர் அளவுக்கு மீறி ஓடினால் சிலிண்டர் சுவர் குளிர்ந்து டீசல் முழுமையாக எரியாது. ஆயில் கெட்டியாகி உராய்வு கூடும். டீசலிலுள்ள கந்தகம் அமிலமாகி லைனரையும் பிஸ்டன் ரிங்குகளையும் அரிக்கும்.

5 குதிரைசக்தி எஞ்சின் முழுப் பளுவில் மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் எடுக்கும். 30 டிகிரி சென்டிகிரேடில் உள்ள கிணற்று நீர் 60 டிகிரியாக வெளியேற, நிமிடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீரே போதும்.

டெலிவரி குழாயிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் சிறு குழாயில் ஒரு வால்வு பொருத்த வேண்டும். முதலில் அதை முழுவதும் திறந்து வைத்து, பிறகு சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். வெளிவரும் நீரைத் தெர்மாமீட்டரால் அளந்து, சுமார் 60 டிகிரியில் நிறுத்தலாம். எஞ்சின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். வால்வை ஒருபோதும் முழுவதும் மூடக் கூடாது. உப்பு நீரானால் சூடு கூடுமளவுக்கு உட்புறம் உப்புப் படியும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் நீர் செல்லும் வழியைச் சுத்தம் செய்தல் அவசியம்.

விவசாய டீசல் எஞ்சின்களுக்கான ஐ.எஸ். 11170 என்னும் இந்தியத் தரம் 1985-ல் வெளிவந்தது. சோதனைக் கூடங்களில் எஞ்சினின் சூடு நிலைத்த பிறகே டீசல் செலவை அளப்பார்கள். விவசாயிகளும் அவ்வாறே செய்யலாம். அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, டாங்கில் ஒரு குறிவரை டீசல் ஊற்ற வேண்டும். மேலும் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி, அதே குறிவரை நிரப்ப எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வால்வைச் சரிசெய்யும் முன்னும் பின்னும், கிணற்று நீர்மட்டம் ஒரே அளவில் இருக்கும்போது இப்படி அளந்தால் வித்தியாசம் தெரியும்.

எஞ்சின் மிகவும் சூடாகிவிட்டால் உடனே குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. சிலிண்டர் ஹெட் வெடிக்கக் கூடும். நிறுத்தித் தானாக ஆறவிட வேண்டும்.

அளவான சூட்டில் ஓடும் எஞ்சினால் டீசலும் மிச்சம். ரிப்பேர் செலவும் குறையும்.