ஜொகூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்?

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஜொகூரையும் நியூயார்க் நகரையும் அடிக்கோலால் இணைத்துப் பாருங்கள். கோடு இலங்கையைக் கடந்து, ஏமன் நாட்டையும் சகாரா பாலைவனத்தையும் தாண்டி, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும். அவ்வழியே பறந்தால் தூரம் சுமார் 18,400 கிலோமீட்டர். ஆனால் உண்மையில் மிகக் குறுகிய வழி 15,300 கிலோமீட்டர்தான். வித்தியாசம் மட்டும் 3,000 கிலோமீட்டருக்கு மேல்! ஜொகூரின் செனாய் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கே சுமார் 2,880 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்தால், அடிக்கோல் செய்யும் பிழை எத்தகையது என்பது விளங்கும்.

உருண்டையான பூமியைத் தட்டையான காகிதத்தில் விரித்ததால் வந்த வினை இது. விரிக்கும்போது, வடக்கே போகப் போக நிலமும் கடலும் கிழக்கு மேற்காக இழுபட்டு அகன்றுவிடுகின்றன. வட துருவம் ஒரு புள்ளி. பல படங்களில் அப்புள்ளியே மேல் விளிம்பு நெடுகிலும் ஒரு கோடாகக் கிடக்கிறது. பூகோள உருண்டை ஒன்றில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால், அது மேற்கே போகாது. ஏறக்குறைய நேர் வடக்கே ஏறும். கம்போடியா, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று சென்று, துருவத்தின் அருகாகக் கடந்து, கானடா வழியே தெற்கில் இறங்கும்.

இத்தகைய தூரங்களைக் கணிக்கத் திரிகோண கணிதம் வேண்டும் என்பர். ஜொகூர்வாசிகளுக்கு வெறும் கூட்டலே போதும். செனாய் கிழக்குத் தீர்க்க ரேகை 103⅔ பாகையில் இருக்கிறது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்கு 73¾ பாகையில். கூட்டினால் ஏறத்தாழ 177½. இது 180 ஆகியிருந்தால் துருவத்தின் நேர் மேலாகவே வழி போகும். குறைவு சொற்பமாதலால் அப்படியே கொள்வோம். செனாயிலிருந்து துருவம் 88⅓ பாகை, அங்கிருந்து நியூயார்க் 49⅓ பாகை, ஆக 137⅔. பாகை ஒன்றுக்கு 60 கடல் மைல் வீதம் 8,260 கடல் மைல். கடல் மைல் ஒன்று 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் பயணத்தில் இந்தச் சங்கடமில்லை. இரு ஊர்களும் பூமத்திய ரேகையை அடுத்தவை. படம் அங்கே அதிகம் இழுபடவில்லை. நூலும் அடிக்கோலும் அநேகமாக ஒரே தூரத்தையே காட்டும். 'ரஜூலா' கப்பலில் வந்த நம் பெரியவர்களைச் சுற்றவைத்தது பூமியின் உருண்டை வடிவம் அன்று. இடையில் கிடக்கும் சுமத்திராவின் வடமுனையே.

இனி, நிஜ விமானம் எப்படிப் போகிறது? நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரிலிருந்து கென்னடி நிலையத்துக்கு இடையில் எங்கும் இறங்காத விமானச் சேவை 2020 நவம்பரில் தொடங்கியது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். அது நூல் காட்டும் வழியையே பிடித்துக்கொண்டு போவதில்லை. பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகக் கடுங்காற்று ஓடுகிறது. பசிபிக் சமுத்திரத்தின் மேல் கிழக்கு நோக்கிச் சென்றால் அக்காற்று பின்னின்று தள்ளும். தரையின்மேல் அளந்தால் தூரம் கூடுதல், கடிகாரத்தில் குறைவு. இவ்வழியில் பறக்கும் ஏர்பஸ் விமானத்தின் தொட்டிகள் 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். புறப்படுமுன் அன்றன்றைய காற்றைப் பார்த்து வழியை வகுப்பதும் இதை முன்னிட்டே.