சகோதரர் டேனியல் யூதரா?

இஸ்ரேலின் ஹைஃபா நகரில், கர்மேல் மலைமேல் ஸ்டெல்லா மாரிஸ் என்ற கத்தோலிக்க மடம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஒரு துறவி 1962இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் நின்றார். தான் ஒரு யூதர் என்றும், உலகின் எந்த மூலையிலிருந்து வரும் யூதருக்கும் கிடைக்கிற குடியுரிமை தனக்கும் கிடைக்க வேண்டும் என்றும் கேட்டார். துறவறத்தில் அவர் பெயர் சகோதரர் டேனியல். பெற்றோர் வைத்த பெயர் ஓஸ்வால்ட் ரூஃபைசன்.

அவர் யார் என்பது அந்த நீதிபதிகளுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் தீர்ப்பு எழுதுவது அவ்வளவு கடினமாக இருந்தது.

மீர் நகரத்து மொழிபெயர்ப்பாளர்

ரூஃபைசன் 1922இல் போலந்தில், ஆஷ்விட்ஸ் முகாம் பின்னாளில் எழுந்த ஊருக்குப் பக்கத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளம்வயதிலேயே பாலஸ்தீனத்தில் குடியேறும் கனவோடு யூத இளைஞர் இயக்கத்தில் சேர்ந்தார். போர் அவரை இன்றைய பெலாரஸில் உள்ள மீர் என்ற சிற்றூருக்குத் துரத்தியது. யூதர் என்பதை மறைத்துக்கொண்டு, ஜெர்மன் காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே மீர் கோட்டையில் அடைக்கப்பட்டிருந்த யூதர்களுக்குத் தகவல்களையும் ஆயுதங்களையும் ரகசியமாகக் கொண்டு சேர்த்தார். 1942 ஆகஸ்டில் அவர்களைக் கொன்றுவிட நாள் குறிக்கப்பட்டது. உடனே ரூஃபைசன், கொரில்லாப் படையினர் வேறொரு திசையில் வரப்போவதாகத் தன் மேலதிகாரிகளிடம் பொய்த் தகவல் சொன்னார். அந்த இரவு காவலர்கள் எல்லோரும் அங்கே போய்ப் பதுங்கினார்கள். காவலில்லாத கெட்டோவிலிருந்து, அதாவது யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த அந்த இடத்திலிருந்து, சுமார் 300 பேர் காட்டுக்குள் தப்பினார்கள்.

காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்ட ரூஃபைசன், அங்கிருந்தும் தப்பி, ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்தார். வெளியே தலைகாட்ட முடியாத அந்த மாதங்களில்தான் புதிய ஏற்பாட்டைப் படித்தார், ஞானஸ்நானம் பெற்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. போர் முடிந்ததும் கர்மேல் சபையில் சேர்ந்தார், 1952இல் குருவானார். 1950களின் இறுதியில், இளமையில் கனவு கண்ட நாட்டுக்கே வந்து சேர்ந்தார். மதம் மாறினாலும் தன் இனம் மாறவில்லை என்பதே கடைசிவரை அவர் வாதம்.

நான்குக்கு ஒன்று

1950இல் இயற்றப்பட்ட திரும்பும் உரிமைச் சட்டம், இஸ்ரேலில் குடியேறும் உரிமையை எல்லா யூதர்களுக்கும் கொடுத்தது. யார் யூதர் என்று மட்டும் சொல்லவில்லை. மனசாட்சியோடு தன்னை யூதர் என்று அறிவிப்பவரை அப்படியே பதிவு செய்யலாம் என்று 1958இல் உள்துறை அமைச்சர் உத்தரவிட்டபோது, மதக் கட்சி ஆட்சியிலிருந்து விலகியது. பிரதமர் பென் குரியன் உலகெங்கும் உள்ள சுமார் 50 யூத அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டார். அந்தச் சூட்டில்தான் டேனியலின் வழக்கும் வந்தது.

யூதர்களின் மதச் சட்டப்படி பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. யூதத் தாய்க்குப் பிறந்தவர் என்ன பாவம் செய்தாலும் யூதரே என்பது யூத மதகுருக்களான ரபிகளின் பழைய கொள்கை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி மோஷே சில்பெர்க் இதை ஒப்புக்கொண்டார். இத்தனை யூத உயிர்களைக் காத்த மனிதரை மறுப்பதில் உள்ள மனவேதனையையும் மறைக்கவில்லை. ஆனால் திரும்பும் உரிமைச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றிய மதச்சார்பற்ற சட்டம். இதைச் சாதாரண யூத மனிதர் புரிந்துகொள்ளும் விதத்தில்தான் படிக்க வேண்டும். அந்த மனிதரின் கண்ணில் கத்தோலிக்கத் துறவி யூதர் அல்லர் என்று முடித்தார். ஐந்து நீதிபதிகளில் நால்வர் மறுத்தார்கள். ஹைம் கோன் ஒருவர் மட்டும், உளமார்ந்த அறிவிப்பே போதும் என்று மாறுபட்டார்.

அந்த நால்வரின் பின்னால் இருந்த வரலாற்றையும் நாம் பார்க்க வேண்டும். 1391இல் ஸ்பெயினில் நடந்த படுகொலைகளில் ஆயிரக்கணக்கான யூதர்கள் உயிருக்குப் பயந்து ஞானஸ்நானம் பெற்றார்கள். 1449இல் டொலேடோ நகரம், அவர்களுடைய வாரிசுகளுக்குப் பதவி கிடையாது என்றது. மாறாவிட்டால் சாவு, மாறினாலும் சந்தேகம். இப்படி நூற்றாண்டுகளாக அடிபட்ட சமூகத்துக்கு மதமாற்றம் தனிமனிதரின் ஆன்மிகப் பயணமாக மட்டும் தெரியாது.

ஆனால் அதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. ஈடித் ஸ்டைன் யூதராகப் பிறந்து 1922இல் கத்தோலிக்கரான தத்துவ அறிஞர்; டேனியலின் அதே கர்மேல் சபைத் துறவி. மீர் கெட்டோவிலிருந்து அந்த 300 பேர் தப்பிய அதே ஆகஸ்டில் அவர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் அவர் அணிந்திருந்த துறவு உடையைப் பொருட்படுத்தவில்லை; தாத்தா பாட்டியைத்தான் பார்த்தார்கள்.

விளக்கம் வந்தது, சிக்கல் தீரவில்லை

1970இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. யூதத் தாய்க்குப் பிறந்தவரோ, யூத மதத்துக்கு மாறியவரோ, வேறு மதத்தைச் சேராதவராக இருந்தால் யூதர் என்றது. அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வாழ்க்கைத்துணைவர்களுக்கும் குடியேறும் உரிமை தந்தது. தானாக மதம் மாறிய யூதரை மட்டும் விலக்கியது. யார் நடத்தும் மதமாற்றம் செல்லும் என்று சொல்லவில்லை. இஸ்ரேலுக்குள் சீர்திருத்த, பழமை பேணும் பிரிவு ரபிகள் நடத்திய மதமாற்றமும் குடியுரிமைக்குச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2021 ஆனது.

1989க்குப் பிறகு சோவியத் நாடுகளிலிருந்து சுமார் 10 லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் லட்சக்கணக்கானோருக்குத் தாய்வழி யூதத் தொடர்பு இல்லை. குடியுரிமை உண்டு, ராணுவ சேவை உண்டு; ரபிகளின் கையில் இருக்கும் திருமணப் பதிவு மட்டும் இல்லை. பலர் சைப்ரஸ் போய்த் திருமணம் செய்துகொள்கிறார்கள். நம் கொங்கணக் கரையிலிருந்து போன பெனே இஸ்ரேல் யூதர்களும் 1960களில் திருமணத்துக்கு வம்சாவளிச் சான்று கேட்கப்பட்டு, 1964இல் ஜெருசலேமில் போராடித்தான் அந்த அவமானத்தைத் துடைத்தார்கள்.

ஒருவரைத் தன்னவர் என்று ஏற்பதும் மறுப்பதும் அந்தச் சமூகத்தின் உரிமை. ஜெப ஆலயம் டேனியலை ஏற்காமல் போயிருந்தால் அது அதன் நம்பிக்கை சார்ந்த விஷயம். அரசின் வேலை வேறு. வாழும் உரிமையையும் வாக்குரிமையையும் திருமண உரிமையையும் மதத் தகுதியோடு முடிச்சுப் போடும் அரசு, விளக்கம் எழுதும்போதெல்லாம் யாரோ ஒருவரை வெளியே நிறுத்துகிறது. டேனியல் வழக்கில் சரியாகச் சொன்னவர் ஹைம் கோன்தான் என்பது என் முடிவு.

வழக்கில் தோற்ற டேனியல், மற்ற வெளிநாட்டவரைப் போல விண்ணப்பித்து இஸ்ரேல் குடிமகனானார். ஹைஃபாவில் ஹீப்ரு பேசும் கத்தோலிக்கர்களுக்குக் குருவாக வாழ்ந்து 1998இல் காலமானார்.