பூனைக்கு வலிப்பு வந்தால்... முதலில் மணியைப் பாருங்க!

இரவு பத்தரை மணி. சோபா ஓரத்தில் படுத்திருந்த உங்கள் பூனை திடீரென்று ஒருபக்கமாகச் சரிகிறது. கால்கள் விறைக்கின்றன, பிறகு நீச்சலடிப்பதுபோல உதறுகின்றன. வாயில் எச்சில் நுரை தள்ளுகிறது. படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார். இன்னொருவர் இரும்புச் சாவியைத் தேடுகிறார்.

இரண்டுமே வேண்டாம். செல்போனை எடுத்து மணி எத்தனை என்று பாருங்க. முதல் வேலை அதுதான்.

பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். ஆனால் பதற்றத்தில் ஒரு நிமிடம்கூட பத்து நிமிடம் மாதிரி தெரியும். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு உயிருக்கே ஆபத்து. உடல் சூடு ஏறும்; மூளை பாதிக்கப்படலாம். அதனால்தான் மணிக் கணக்கு முக்கியம்.

இது வலிப்புதானா?

எல்லா வலிப்பும் விழுந்து துடிப்பதாக இருக்காது. முகத்தின் ஒருபக்கம் மட்டும் துடிப்பது, எதையோ மெல்வதுபோல வாயசைப்பது, ஒரே ஒரு கால் வெட்டி வெட்டி இழுப்பது, காரணமே இல்லாமல் வெறிபிடித்ததுபோல ஓடி மோதுவது ஆகியவையும் வலிப்பாக இருக்கலாம்.

தூக்கத்தில் மீசையும் பாதமும் லேசாகத் துடிப்பது சாதாரணம், கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும். இணைசேரும் பருவத்தில் பெண் பூனை தரையில் புரண்டு கத்துவதும் வலிப்பு அல்ல. இதயக் கோளாறால் மயங்கி விழும் பூனை, பெரும்பாலும் சில நொடிகளில் எழுந்துவிடும். சந்தேகமாக இருந்தால் நீங்களே முடிவு செய்யாதீங்க, மருத்துவரிடம் விட்டுவிடுங்க.

அந்தச் சில நிமிடங்களில்

• பூனையை அழுத்திப் பிடிக்காதீங்க, தூக்காதீங்க. கட்டில், மாடிப்படி போன்ற விழக்கூடிய இடத்தில் இருந்தால் மட்டும் ஒரு துண்டால் மெதுவாகத் தரைக்கு நகர்த்துங்க.
• நாற்காலி, மேசை போன்ற மோதக்கூடிய பொருள்களைத் தள்ளி வையுங்க.
• வாய்க்குள் விரலோ, தண்ணீரோ, மருந்தோ கூடாது. பூனை நாக்கை விழுங்கிவிடாது. ஆனால் தன்னையறியாமல் கடித்துவிடும்.
• விளக்கைக் குறைத்து, டிவியை நிறுத்துங்க. குழந்தைகளையும் மற்ற பிராணிகளையும் வேறு அறைக்கு அனுப்புங்க.
• வீட்டில் இன்னொருவர் இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்க.

ஏன் வீடியோ? மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது பூனை பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். நடந்ததை மருத்துவர் நேரில் பார்க்க முடியாது. ஒரு நிமிட வீடியோ அவருக்குப் பெரிய சாட்சி. தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் போனிலேயே குறித்து வையுங்க.

நின்ற பிறகு

கொஞ்ச நேரம் பூனை தள்ளாடும், சுவரில் முட்டும், கண் தெரியாததுபோல நடக்கும், அகோரப் பசியில் கத்தும். பயப்படாதீங்க, மூளை மெல்ல நிதானத்துக்கு வருகிறது. நன்றாகத் தெளிந்த பிறகே தண்ணீரும் உணவும் கொடுங்க.

முதல் முறை வலிப்பு வந்தால், அது நின்றுவிட்டாலும், ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ, இடையில் தெளியாமலேயே மறுபடி வந்தாலோ, ஏதாவது விஷம் தின்றிருக்கலாம் என்று தோன்றினாலோ விடியும்வரை காத்திருக்காதீங்க.

ஏன் வருகிறது?

தலையில் அடி, மூளையில் தொற்று அல்லது கட்டி, சிறுநீரக, கல்லீரல் நோய், குட்டிகளுக்குச் சர்க்கரை அளவு குறைவது எனக் காரணங்கள் பல. நம் கையாலேயே வரவழைப்பதும் உண்டு. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் தடவுவதுதான் அது. அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் நாய்க்குப் பிரச்சினை இல்லை, பூனைக்கு நஞ்சு. தெரியாமல் தடவியிருந்தால் அந்த மருந்து அட்டையோடு உடனே மருத்துவமனைக்குப் போங்க.

மனிதர்களுக்கான வலிப்பு மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. மருத்துவர் தினசரி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், பூனை நன்றாக இருக்கிறதே என்று திடீரென நிறுத்தவும் கூடாது. அப்படி நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம்.

கடித்துவிட்டால்?

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்க. 'வீட்டுப் பூனைதானே' என்று விட்டுவிடாதீங்க. ரேபிஸ் நோயிலும் வலிப்பு வரும்.

எங்கே போவது?

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் அல்லது கால்நடை மருத்துவமனையில் பூனையைக் காட்டலாம். சென்னையில் வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை பெறலாம். 1962 என்ற கட்டணமில்லா எண் முக்கியமாக ஆடு, மாடு போன்ற கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்திச் சேவை. ஆகவே அவசரத்தில் வண்டி வரும் என்று காத்திராமல் நீங்களே பூனையைக் கொண்டுபோவதுதான் நல்லது.

இப்போதே ஒரு வேலை செய்யுங்க. உங்கள் பகுதியில் இரவிலும் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று விசாரித்து, அந்த எண்ணைப் போனில் சேமித்து வையுங்க. ராத்திரி பத்தரை மணிக்குத் தேட வேண்டியிருக்காது.