வளையல் அடகு போகுமுன்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது அக்காளின் கைகள் வெறுமையாயிருந்தன. மூன்று வயது மகனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் கூறி ஆறு மாதம் ஆயிற்று. பேச்சுப் பயிற்சிக்கும் பிற பயிற்சிகளுக்கும் வாரந்தோறும் பணம் கட்டியதில் வளையல்கள் அடகுக்குப் போய்விட்டன. “இதற்கு அரசாங்க உதவி ஏதும் உண்டா, தம்பி?” என்று கேட்டாள். படித்தவன் என்று பெயர். விடை தெரியாமல் விழித்தேன். பிறகு விசாரித்து அறிந்ததை நண்பர்களுக்கும் கூறுகிறேன்.

ஆட்டிசம் முதலிய குறைபாடுகளுக்காக 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது நேஷனல் டிரஸ்ட். அதன் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைத் திரும்பப் பெறலாம். சேருமுன் மருத்துவப் பரிசோதனை இல்லை. பயிற்சிக் கட்டணமும் அதில் அடங்கும். ஆனால் அதற்குத் தனி வரம்பு உண்டு. ஆகவே முழுச் செலவும் தீர்ந்துவிடாது. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்த பெற்றோர்க்கு 75,000 ரூபாயும், கடுமையான குறைபாடாயின் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு.

இரண்டிற்கும் திறவுகோல் ஒன்றே: அரசு ஏற்ற மருத்துவ அதிகாரிகள் தரும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். தனியார் மருத்துவர் எழுதிய சீட்டு மட்டும் போதாது. “பிள்ளைமேல் முத்திரை குத்துவதா?” என்று அக்காள் அதை வாங்கத் தயங்கியிருந்தாள். காப்பீட்டில் சேருமுன் செய்த செலவு திரும்பாது. அந்த ஆறு மாதப் பணம் போனது போனதுதான்.

நண்பர்களே, உங்கள் உறவில் இத்தகைய குழந்தை இருப்பின் இன்றே வீட்டுக்கு எழுதுங்கள்: முதலில் சான்றிதழ், அடுத்து காப்பீடு, ஒவ்வொரு பயிற்சிக்கும் ரசீது. சான்றிதழ் பிள்ளையைச் சிறுமைப்படுத்தாது. அவன் பயிற்சி இடையில் நின்றுபோகாமல் காக்கும்.