காதில் ஓயாத இரைச்சல்: எது பொறுக்கும், எது பொறுக்காது?

விளக்கை அணைத்துப் படுத்ததும் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம். சிலருக்கு வண்டு ரீங்காரம், சிலருக்கு விசில். பக்கத்தில் படுத்திருப்பவருக்கோ எதுவும் கேட்பதில்லை. பெரியவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இந்தத் தொல்லை உண்டு. பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை. ஆனால் சிலருடைய இரைச்சல் ஒரு வாரம்கூடப் பொறுக்காது. இரைச்சல் எவ்வளவு பெரியது என்பதை வைத்து இதைப் பிரித்தறிய முடியாது. அதோடு கூட என்னென்ன வருகின்றன என்றுதான் பார்க்க வேண்டும்.

ஏன் கேட்கிறது?

உள்காதில் நத்தைக்கூடு போன்ற காக்ளியாவுக்குள் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புக்குக் கைமாற்றுபவை இவைதான். முதுமையாலோ பெருஞ்சத்தத்தாலோ இவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. அப்போது மூளைக்குப் போகும் செய்தி குறைகிறது. அதை ஈடுகட்ட மூளை தன் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைக் கூட்டினால் வரும் கரகரப்புதான் இது. எனவே பலருக்குக் கேட்கும் திறன் குறைந்துவருவதன் முதல் அறிகுறியே இந்த இரைச்சல்தான்.

காதுக் குறும்பி அடைப்பு, நடுக்காதுத் தொற்று போன்ற எளிய காரணங்களும் உண்டு. அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டாமைசின் ஊசி, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஆகியவையும் காதைப் பாதிக்கக்கூடும். மருந்தின் மேல் சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

தள்ளிப்போடக் கூடாதவை

• இரைச்சலுடன் ஒரு காது திடீரென்றோ ஓரிரு நாளிலோ மந்தமானால் அது அவசரம். சளி அடைப்பு என்று சொட்டு மருந்து விட்டுக் காத்திருப்பதில்தான் பலர் காதை இழக்கிறார்கள். இதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு. இரண்டு வாரத்துக்குள், அதிலும் முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் பலன் அதிகம்.

• தலையில் அடிபட்ட பிறகு இரைச்சல் வந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கடும் தலைசுற்றல் இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

• நாடித்துடிப்போடு சேர்ந்து ‘தப், தப்’ என்று கேட்டால் இரத்தக்குழாய்க் கோளாறு, இரத்தசோகை, தைராய்டு எனத் தேட வேண்டியவை பல.

• ஒரே காதில் மட்டும் நீடித்தால் கேட்பு நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது அரிது. ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

• தூக்கம் கெட்டு, வாழ்வே வெறுத்துப்போகும் எண்ணம் வந்தால் 14416 டெலி மனஸ் உதவி எண்ணை அழையுங்கள்.

இவை எதுவும் இல்லாமல் வாரக்கணக்கில் இரைச்சல் நீடித்தால், ஈ.என்.டி. மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள்.

கைவைத்தியமும் சிகிச்சையும்

பூண்டு காய்ச்சிய எண்ணெய், ஹேர்பின், தீக்குச்சி, பட்ஸ் எதுவும் காதுக்குள் போகக் கூடாது. செவிப்பறை கிழியும், குறும்பி இன்னும் உள்ளே போகும். ‘ஒரே மாதத்தில் குணம்’ என்று விற்கும் ஜிங்கோ, துத்தநாக மாத்திரைகளால் பயனுண்டு என்று நிரூபணமாகவில்லை. இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்னும் வரவில்லை.

அதற்காக வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கேட்கும் திறன் குறைந்தவருக்குக் காதொலிக் கருவி வைத்தாலே இரைச்சல் பின்னுக்குப் போவதுண்டு. இரவில் மின்விசிறி ஓசையோ மெல்லிய பாட்டோ இருந்தால் தூக்கம் வரும். இரைச்சலின் மேல் உள்ள பயத்தைத் தணிக்க உளவியல் ஆலோசனை உதவுகிறது.

வேலையால் வந்த இரைச்சல்

சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன்களிலும் நூற்பாலைகளிலும் ஷிப்டு முடிந்து வீடு வந்தபின்னும் காதில் தறி ஓடுவதாகச் சொல்பவர்கள் உண்டு. கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்றால், அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும். நாளெல்லாம் அதில் நின்றால் காது கெடும்.

சத்தத்தால் வரும் கேட்புத்திறன் இழப்பு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு இதற்குச் சிகிச்சையும், நிரந்தர ஊனம் என்றால் பணப்பலனும் உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் முதலாளியிடம் இழப்பீடு கோரலாம். காது அடைப்பான் கேட்பதும் சலுகை கேட்பதல்ல. அதைத் தரவேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது. தராவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் செய்யலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். சட்டப் பட்டியலில் இருப்பது காது இரைச்சல் அல்ல, கேட்புத்திறன் இழப்பு. இரைச்சலை எந்தக் கருவியும் அளந்து காட்டாது. கேட்பு இழப்பை ஆடியோகிராம் காட்டும். சத்தத்தால் கெட்ட காதில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே முதல் சரிவு தெரியும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது எந்த வேலை, எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். சீட்டையும் ஆடியோகிராமையும் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் இழப்பீடு கோரும்போது உங்கள் பக்கம் பேசப்போகும் சாட்சி அவைதான்.