காவலரைப் பற்றி நாம் கொள்ளும் கருத்து

போலீசார் தம் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று நம் நாட்டில் எந்த ஊரில் கேட்டாலும் விடை உடனே கிடைத்துவிடும். மாதுங்காவிலோ கரோல் பாகிலோ பெங்களூரிலோ தமிழர் நால்வர் கூடிய இடத்தில் இப்பேச்சு எழுந்தால், போலீசார் இல்லாவிட்டால் ஓர் இரவுகூட நிம்மதியாய் உறங்க முடியாது என்பார் ஒருவர். அவர்களிடம் போவதைவிடப் பொருளை இழப்பதே மேல் என்பார் மற்றொருவர். வியப்பு யாதெனில், இவ்விரு விடைகளையும் ஒரே மனிதர் ஒரே மாலையில் சொல்வதும் உண்டு. கடையின் பூட்டு உடைபட்டிருக்கக் கண்டால் முதலில் நினைவுக்கு வருபவர் போலீசார். ஆனால், காவல் நிலையத்தின் படியேறக் கால் கூசுகிறது. இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது, காவலரைப் பற்றி நேர்மையான கருத்தொன்றை நாம் எவ்வாறு கொள்வது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

காவலரிடம் மக்களுக்குள்ள அச்சம் நேற்று முளைத்ததன்று. வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் சர்க்கார் சிப்பந்திகள் மக்களைச் சித்திரவதை செய்து வந்ததைச் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு ஆராய்ந்து 1855ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பின் 1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்தது. அக்கிளர்ச்சியைக் கண்டு அஞ்சிய ஆட்சி, 1861ஆம் ஆண்டில் போலீஸ் சட்டத்தை இயற்றியது. அயர்லாந்தை அடக்கி ஆள்வதற்கு அமைத்த காவற்படையே இதற்கு முன்மாதிரி. ஆள்வோருக்குக் கீழ்ப்படிவதே இப்படையின் முதற்கடமை; மக்களுக்கு விடை சொல்லும் பொறுப்பு அதன் அமைப்பில் இடம்பெறவில்லை. 1902-03ஆம் ஆண்டுகளில் ஃபிரேசர் தலைமையில் அமைந்த குழுவோ, போலீசார் திறமையும் பயிற்சியும் குன்றியவர்கள், மக்கள் அவர்களை ஊழல் மிக்கவர்களாகவும் கொடியவர்களாகவும் கருதுகிறார்கள் என்று வெளிப்படையாகவே கூறிற்று. ஆங்கிலேயரின் ஆட்சி நியமித்த குழுவே கூறிய தீர்ப்பு இது.

விடுதலைக்குப் பின் நம் அரசியலமைப்புச் சட்டம் காவல் துறையை மாநிலங்களின் பொறுப்பில் வைத்தது. ஆகையால் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்த நமக்கு, காவலரின் தொப்பியும் பேச்சும் மாறித் தோன்றுகின்றன. வடக்கே காவல் நிலையத்தைத் 'தாணா' என்கிறார்கள். பம்பாயில் சிறு காவல் சாவடி 'சௌக்கி' எனப்படுகிறது. பல மாநிலங்கள் தமக்கெனப் புதுச் சட்டம் இயற்றிக்கொண்டன. ஆயினும் 1861ஆம் ஆண்டின் வார்ப்பு இன்னும் முற்றிலும் உடைந்துவிடவில்லை.

இன்றைய மக்களின் கருத்து என்ன? 'காமன் காஸ்' என்ற அமைப்பும் 'லோக்நீதி' என்ற ஆய்வுக் குழுவும் 22 மாநிலங்களில் 15,000க்கும் மேற்பட்டோரை வினவி 2018ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டன. காவல் துறையிடம் மிகுந்த நம்பிக்கை உண்டு என்றவர்கள் நால்வரில் ஒருவருக்கும் குறைவு. இராணுவத்தைப் பற்றி அவ்வாறு சொன்னவர்களோ பாதிக்கு மேற்பட்டவர்கள். இதில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வினவப்பட்டவர்களில் பெரும்பாலோர் அண்மை ஆண்டுகளில் போலீசாரோடு எவ்விதத் தொடர்பும் கொள்ளாதவர்கள். அப்படியானால் அவர்கள் சொன்ன கருத்து எங்கிருந்து பிறந்தது? அண்டை வீட்டார் சொன்னது, செய்தித்தாளில் படித்தது, திரைப்படத்தில் கண்டது ஆகியவற்றிலிருந்தே பெரும்பாலும் பிறந்திருக்க வேண்டும்.

இனிக் காவலரின் பக்கத்தையும் பார்ப்போம். அதே அமைப்புகள் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 12,000 காவலரை வினவின. ஒரு காவலர் நாளொன்றுக்குச் சராசரியாக 14 மணி நேரம் வேலை செய்கிறார். இருவரில் ஒருவருக்கு வார விடுமுறையே கிடையாது என்று அவ்வறிக்கை காட்டுகிறது. பதினான்காம் மணி நேரத்தில் புகார் கேட்க உட்கார்ந்திருப்பவரிடம் இன்சொல்லை எதிர்பார்ப்பது எளிதன்று. இது அவருடைய கடுஞ்சொல்லுக்கு நியாயமாகாது; ஆனால் காரணத்தை உணர்த்தும்.

காவலரின் உயர்வையும் தாழ்வையும் நம் கண்ணெதிரே கண்டிருக்கிறோம். 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இரவு பம்பாயில், உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, கையில் லத்தியோடு நின்று, துப்பாக்கி ஏந்தியவனைப் பற்றிக்கொண்டு உயிர் நீத்தார். அவன் உயிரோடு பிடிபட்டான். மறு ஆண்டு ஓம்ப்ளேக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் ஊரடங்கின்போது வழியில் தவித்த தொழிலாளர்க்குச் சோறு வழங்கிய காவலரும் உண்டு. அதே தொழிலாளரை லத்தியால் அடித்து விரட்டிய காவலரும் உண்டு. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேதான் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், கடையை அடைக்கும் நேரம் பற்றிய வழக்கில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்தனர். போலீசார் மீதே கொலை வழக்குத் தொடரப்பட்டது. ஒரு தீரச் செயலைக் கொண்டு துறை முழுவதையும் புகழ்வதும், ஒரு கொடுமையைக் கொண்டு முழுவதையும் இகழ்வதும் எளிது. இரண்டும் அளவுகோல் ஆகா.

அளவுகோல் எது? புள்ளிவிவரம் என்று சிலர் விடையளிப்பர். தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனம் வெளியிடும் தொகுப்பில் ஒரு மாநிலத்தில் குற்றம் குறைந்து காணப்பட்டால், அங்குள்ள போலீசார் திறமைசாலிகள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அத்தொகுப்பில் இருப்பவை நடந்த குற்றங்கள் அல்ல, பதிவான குற்றங்கள். பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு என்று அந்நிறுவனமே எச்சரிக்கிறது. தில்லியில் வாகனத் திருட்டுக்கு இணையத்தின் வழியே முதல் தகவல் அறிக்கை பதியும் முறை 2015ஆம் ஆண்டில் வந்தது. பதிவது எளிதானால் எண்ணிக்கை ஏறுவது இயல்பே. அதனால் அந்நகரில் திருடர் பெருகிவிட்டனர் என்று கொள்ளலாகாது. மாறாக, எண்ணிக்கை குறைந்தால் மேலதிகாரி பாராட்டுவார் என்ற நிலை இருக்குமானால், புகாரைப் பதியாமல் திருப்பி அனுப்பும் ஆசை கீழுள்ளவர்க்கு எழுவதும் இயல்பே.

இந்த ஆசை வெளிப்படும் இடம் ஒரு சொல். பேருந்தில் கைபேசியைப் பறிகொடுத்தவர் காவல் நிலையம் செல்கிறார். 'திருடு போயிற்று என்று எழுதினால் அலைச்சல். தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுங்கள், இப்போதே முத்திரை இட்டுத் தருகிறோம்' என்பர். நம்மவருக்கோ மாற்று சிம் அட்டை பெற ஒரு தாள் கிடைத்தால் போதும்; அவ்வூர் எழுத்தும் படிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்திட்டு வெளியே வருகிறார். அந்த நொடியில் ஒரு குற்றம் இல்லாமற் போய்விட்டது. தேடுவதற்குத் திருடன் இல்லை. விசாரிக்க வழக்கு இல்லை. ஆண்டு முடிவில் ஊர் அமைதியாய் இருந்ததாகக் கணக்கும் காட்டும். பிற்பாடு அவர் வீடு திரும்பி, போலீசார் ஒன்றும் செய்வதில்லை என்று குறை கூறுவார். குறையில் நியாயம் உண்டு. ஆயினும் செய்ய வேண்டிய வேலை எழுத்தில் பிறக்கவே இல்லை என்பதை அவர் அறியமாட்டார்.

ஆகையால் காவலரைப் பற்றிக் கருத்துச் சொல்லுமுன் சட்டம் அவரிடம் எதைக் கேட்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால், முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற விசாரணைச் சட்டம், சில குற்றங்களில் மட்டும் 14 நாட்களுக்குள் முன்விசாரணை செய்ய இடம் தருகிறது. அச்சட்டத்தின் 173ஆம் பிரிவு நமக்கு மிகவும் உதவக்கூடியது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ரயிலில் நாகபுரி அருகே பெட்டி களவு போனதைச் சென்னையில் இறங்கிய பின்னரே உணர்ந்தவர், திரும்பி நாகபுரிக்குச் செல்ல வேண்டியதில்லை. வாய்மொழியாகச் சொன்னதை அதிகாரி எழுதி, படித்துக் காட்டியபின்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும். இணையத்தில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் சென்று கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதுவும் பயன்படாவிடில் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். விசாரணை எவ்வளவு தூரம் சென்றது என்பதை 90 நாட்களுக்குள் நமக்குத் தெரிவிப்பதும் அவர்கள் கடமை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காவலர் மறுப்பதெல்லாம் முறைகேடு அன்று. வசைமொழி போன்ற சிறு குற்றங்களும், புதிய சட்டத்தின்படி 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளின் திருட்டும் வேறு வகையைச் சேர்ந்தவை. பம்பாய் போன்ற இடங்களில் இவற்றை 'என்.சி.' என்று குறித்துக் கொடுப்பர். இவற்றில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றிப் போலீசார் புலனாய்வு செய்ய இயலாது. இதை அறியாமல் அவர்களை ஏசுவது முறையாகாது.

அழைத்துச் செல்லப்படுபவர்க்கும் உரிமைகள் உண்டு. கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். இவை அரசியலமைப்பின் 22ஆம் விதி தருபவை. சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்களையும் 60 வயதைக் கடந்த ஆண்களையும் காவல் நிலையத்திற்கு வரச் சொல்லலாகாது; அவர்கள் இருப்பிடத்திலேயே விசாரிக்க வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.

துறை திருந்துவதற்கு மேலிருந்தும் முயற்சி வேண்டும். 2006ஆம் ஆண்டில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. தலைமை அதிகாரிகளுக்கு இரண்டாண்டு உறுதியான பதவிக்காலம், புலனாய்வையும் ஒழுங்குக் காவலையும் பிரித்தல், காவலர் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் முதலியவை அவற்றுள் அடங்கும். மாநிலங்கள் பலவும் இவற்றை முழு மனத்தோடு நிறைவேற்றவில்லை என்பது வருந்தத்தக்கது.

அந்தச் சீர்திருத்தம் வரும்வரை நாம் வாளா இருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெரியவரின் சிபாரிசோடு வருபவரைப் போலீசார் எப்படி நடத்துகிறார்கள் என்பதில் அவர்கள் தரம் விளங்காது. மொழி அறியாத, ஆள் பழக்கமில்லாத, வாடகை அறையில் வாழும் ஒரு தொழிலாளி தனியே வந்து நிற்கும்போது அவர் சொன்னது சொன்னபடி எழுதப்படுகிறதா என்பதே சரியான சோதனை. அயல் மாநிலத்தில் வாழும் நாம் அச்சோதனையை நாள்தோறும் நடத்தும் நிலையில் இருக்கிறோம். அவ்வூர் மொழி தெரிந்த நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வோம். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்போம். 'தொலைந்தது' என்றிருந்தால் 'திருடப்பட்டது' என்று திருத்தச் சொல்வோம். நகலைப் பெற்றுக்கொண்ட பின்னரே படியிறங்குவோம். அதன் பிறகு, போலீசார் நன்றாக வேலை செய்கிறார்களா என்று நம்மைக் கேட்பவர்க்கு, கேள்விப்பட்டதைச் சொல்லாமல் கண்டதைச் சொல்லலாம்.